கணினியின் தொடக்கமும் தெரிவுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

மின்னூட்டம் பெற்ற கணத்தில் கணினி எதனையும் அறியாத பொறியாகவே இருக்கின்றது. அதன் நினைவகம் வெறுமையானது. வட்டிலே பணிசெயல் முறைமை எழுதப்பட்டிருப்பினும், அதனை வாசித்து நினைவகத்துக்குக் கொண்டுவர ஒரு செய்நிரல் வேண்டும். அச்செய்நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவருவது எது என்ற வினா உடனே எழுகின்றது. வித்தின்றி மரமில்லை, மரமின்றி வித்தில்லை என்பது போன்ற இச்சிக்கலை அவிழ்க்கும் சிறு செய்நிரலே தொடக்க ஏற்றி எனப்படுவதாகும். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கி நிறுத்த முயலுபவனைக் குறித்த ஆங்கில வழக்கிலிருந்து 'பூட்ஸ்ட்ராப்' என்னும் பெயர் 1950களில் இதற்கு வழங்கலாயிற்று. இன்று வழங்கும் 'பூட்' என்னுஞ் சொல் அதன் குறுக்கமேயாம்.

ஏற்றியின் பணி சில கணங்களில் முடிந்துவிடுகின்றது. கணினியைப் பயன்படுத்துவோருட் பெரும்பாலார் அதனைக் கண்டதுமில்லை. எனினும் அதற்கு இன்னொரு பணியும் உண்டு. ஒரே வட்டில் இரண்டு பணிசெயல் முறைமைகள் இருக்குமாயின், அல்லது ஒரே முறைமையின் கரு, அதாவது 'கேர்ணல்' என ஆங்கிலத்தில் வழங்கும் அடிப்படைப் பகுதி, பல பதிப்புகளாக இருக்குமாயின், அவற்றுள் எது பொறியை ஆளவேண்டும் என்பதை முதலில் இயங்கும் செய்நிரலே தீர்மானிக்கின்றது. ஆகவே தொடக்க ஏற்றியின் வரலாறு, அத்தீர்மானம் யாருடையது என்ற வினாவின் வரலாறுமாகும். தெரிவுரிமை தொழில்நுட்பம் தானாகவே ஈந்த கொடையன்று. எளிய உடன்பாடு ஒன்று அதற்கு இடமளித்தது. தேவையுடையோர் அதனை வளர்த்தனர். வணிக ஒப்பந்தங்கள் அதனைக் குறுக்கின. இன்று அது மறைச்சாவி ஒன்றைச் சார்ந்து நிற்கின்றது. இவ்வளர்ச்சியின் படிகளை வரன்முறையாக நோக்குவது பயனுடைத்து.

1. ஆளிகளின் காலம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட எட்சாக் என்னும் கணினி 1949 மே 6 ஆம் நாள் தன் முதற் செய்நிரலை இயக்கிற்று. அதற்கென டேவிட் வீலர் எழுதிய 'தொடக்கக் கட்டளைகள்' 31 அறிவுறுத்தல்களைக் கொண்டவை. அவை தொலைபேசி இணைப்பகங்களிற் பயன்பட்ட சுழல் ஆளிகளில் கம்பியிணைப்பாக நிலைபெறச் செய்யப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்துட் புகும்; பின்னர் துளையிட்ட தாள்நாடாவிலிருந்து ஏனைய செய்நிரலை வாசிக்கும். தொடக்க ஏற்றியின் இலக்கணம் அனைத்தும் இங்கேயே அமைந்துவிட்டது எனலாம். 1952 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 701 கணினியிலோ 'ஏற்று' என்னும் பொத்தான் அமைந்திருந்தது. அது துளையட்டை, காந்தநாடா, காந்த உருளை ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து முதற் சொல்லை வாசிக்கும். அச்சொல்லில் அடங்கிய அறிவுறுத்தல் அடுத்தவற்றை அழைத்துவரும்.

சிறு கணினிகள் பெருகிய காலத்தில் இவ்வசதி கூடப் பலவற்றில் இருக்கவில்லை. முகப்புப் பலகையின் ஆளிகளை மேலுங் கீழுமாகத் தள்ளி ஒவ்வோர் அறிவுறுத்தலையும் மனிதரே நினைவகத்தில் இடவேண்டியிருந்தது. 1975 இல் அல்ட்டெயர் 8800 என்னும் கணினிக்கென பேசிக் மொழிபெயர்ப்பியைப் பில் கேட்சும் போல் அலனும் எழுதினர். அதனைச் செய்துகாட்டுவதற்கு அல்புகேர்க்கி நகருக்கு விமானத்திற் சென்றுகொண்டிருந்தபோதே, ஏற்றி எழுதப்படவில்லை என்பது அலனுக்கு நினைவு வந்தது. விமானம் தரையிறங்குமுன் அவர் அதனை எழுதி முடித்தார். பெருஞ் செய்நிரலை ஆக்கியோரும் அதனைத் தொடக்கிவைக்கும் சிறு செய்நிரலை மறந்தனர் என்பது ஈண்டு கருதத்தக்கது.

இக்காலப்பகுதியில் தெரிவுரிமை என்பது ஒரு பிரச்சினையாகவே எழவில்லை. எந்த நாடாவை மாட்டுவது, எந்த அட்டைக் கட்டை வைப்பது என்பன இயக்குநரின் கையிலேயே இருந்தன. அவரே ஏற்றி, அவரே தெரிவுசெய்பவர்.

கருக்களிடையே தெரிவு என்னும் கருத்து தெளிவாகப் புலப்படுவது பெல் ஆய்வுகூடத்தில் உருவாகிய யுனிக்ஸ் முறைமையிலாகும். 1975 இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பில் வட்டு ஏற்றி ஒரே ஒரு குறியை அச்சிட்டுவிட்டு வாளாவிருக்கும். இயக்குநர் கோப்பின் பெயரைத் தட்டச்சிடுவார். அக்கோப்பு கருவாக ஏற்றப்படும். வழமையான பெயருக்குப் பதிலாக வேறொரு பெயரை இடுவதற்கும் தடையில்லை. யுனிக்ஸின் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தமையால் கருவை மாற்றியமைத்து மீளத் தொகுப்பது அங்கெல்லாம் வழக்கமாயிற்று. மாற்றியமைத்த கரு தொடங்காது போகலாம். ஆதலின் நன்கு இயங்கிய பழைய கருவை வேறு பெயரில் வட்டிலே பேணுவது அறிவுடைமையாயிற்று. புதியதை நிறுவுமுன் பழையதைக் காத்துக்கொள் என்னும் இவ்வொழுக்கம் பின்வந்த ஏற்றிகள் அனைத்திற்கும் அடிப்படையாக அமைந்தது.

2. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைற்றுகள்

1981 ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிமுகஞ் செய்தது. அதன் நிலையான நினைவகத்தில் பயோஸ் என்னும் அடிப்படைச் செய்நிரல் பதிக்கப்பட்டிருந்தது. தன்சோதனை முடிந்ததும் அது நெகிழ்வட்டின் முதலாவது ஆரைச்சிறையை, அதாவது முதல் 512 பைற்றுகளை, நினைவகத்தின் 31,744 ஆம் முகவரியில் இட்டு, அதனிடம் பொறியை ஒப்படைக்கும். அப்பைற்றுகளை எழுதியவர் யார், அவற்றின் நோக்கம் யாது என்று அது வினவுவதில்லை. ஐ.பி.எம். இக்கணினிக்கென மூன்று பணிசெயல் முறைமைகளை அறிவித்திருந்தது: பி.சி. டொஸ், சி.பி.எம்.-86, கலிபோணியாப் பல்கலைக்கழகத்திற் தோன்றிய பி-சிஸ்ரம் என்பன அவை. மூன்றுக்கும் பொதுவாய் ஒரு வாயில் தேவைப்பட்டது. எல்லார்க்கும் திறக்கும் வாயில் கொள்கையின் விளைவாக அன்றி வணிகத் தேவையின் விளைவாகவே அமைந்தது என்பது நோக்கத்தக்கது.

1983 மார்ச்சில் 10 மெகாபைற்று வன்வட்டுடன் எக்ஸ்.ரி. என்னும் கணினியும், அதனுடன் பி.சி. டொஸ் 2.0 உம் வெளிவந்தன. நெகிழ்வட்டை மாற்றுவதுபோல் வன்வட்டை மாற்ற இயலாது. ஆகவே ஒரே வட்டைப் பல முறைமைகள் பகிர்ந்துகொள்ளும் வழி வகுக்கப்பட்டது. முதலாவது ஆரைச்சிறையில் 446 பைற்றுகள் செய்நிரலுக்கும், 64 பைற்றுகள் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், ஈற்றில் இரண்டு பைற்றுகள் அடையாளத்துக்கும் ஒதுக்கப்பட்டன. அட்டவணையில் நான்கு பிரிவுகளுக்கே இடமுண்டு. அவற்றுள் ஒன்று 'செயல்நிலை' எனக் குறிக்கப்படும், அதுவே தொடக்கப்படும். வேறொன்றைத் தொடக்க விரும்புபவர் அக்குறியை மாற்றிவிட்டுக் கணினியை மீளத் தொடக்கவேண்டும். தெரிவு இருந்தது, ஆயின் ஒவ்வொரு முறையும் குறியை மாற்றும் உழைப்பும் உடனிருந்தது.

அந்த 446 பைற்றுகளை வேறு செய்நிரலால் மாற்றீடு செய்து, தொடக்கத்திலேயே பட்டியொன்றைக் காட்டலாம் என்பது விரைவில் உணரப்பட்டது. 1992 இல் வந்த ஓ.எஸ்./2 இன் 2.0 ஆம் பதிப்பு, தனக்கெனச் சிறு வட்டுப்பிரிவொன்றைக் கொண்ட தொடக்க மேலாளரை வழங்கிற்று. 1993 இல் வந்த விண்டோஸ் என்.ரி. தன் தொடக்கப் பட்டியை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வைத்தது.

வினவாத வாயிலின் மறுபக்கமும் இதே காலத்திற் புலப்பட்டது. 1986 இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் எழுதப்பட்ட 'பிரெயின்' என்னும் நச்சுநிரல், நெகிழ்வட்டின் தொடக்க ஆரைச்சிறையில் தன்னை எழுதிக்கொண்டு நாடுநாடாகப் பரவிற்று. வன்வட்டின் முதலாவது ஆரைச்சிறையையும் பற்றிய 'மைக்கலாஞ்சலோ' 1992 மார்ச் 6 ஆம் நாள் உலகெங்கும் அச்சத்தை விளைவித்தது. எவரையும் உள்ளே விடும் வாயில் கள்வனையும் உள்ளே விடும். பிற்காலப் பூசல்களுக்கெல்லாம் வித்து இங்கேயே இடப்பட்டது.

3. லிலோவும் கிரப்பும்

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் தோர்வால்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். தொடக்ககாலக் கருவின் தலைப்பகுதியில் அதற்குரிய ஏற்றியும் இணைந்திருந்தது; நெகிழ்வட்டிலிருந்து நேரே தொடக்குவதற்கு அது போதுமானது. ஆனால் லினக்ஸைப் பயின்றோர் பலரின் கணினிகளில் டொஸ் அல்லது விண்டோஸ் ஏற்கெனவே குடியிருந்தது. வந்தவர் இருந்தவரை வெளியேற்றாது வாழவேண்டியிருந்தது. இத்தேவையிலிருந்தே வேர்ணர் அல்மெஸ்பேகர் எழுதிய லிலோ 1992 இல் தோன்றிற்று.

லிலோவின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. 446 பைற்றுகளுள் கோப்பு முறைமையை விளங்கிக்கொள்ளும் அறிவை அடக்க இயலாது. ஆகவே லிலோ அவ்வறிவை நாடவில்லை. லினக்ஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் நிறுவற் செய்நிரல், கரு வட்டின் எந்தெந்த ஆரைச்சிறைகளில் உள்ளதெனக் கண்டு, அம்முகவரிகளை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைக்கும். தொடக்கத்தின்போது லிலோ அம்முகவரிகளைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றும். புதிய கருவை நிறுவியவர் அந்நிறுவற் செய்நிரலை மீள இயக்க மறந்தால், அடுத்த முறை கணினி தொடங்காது போகலாம். கோப்பின் பெயர் பழையதாயினும் அதன் இருப்பிடம் மாறிவிட்டது என்பதை லிலோ அறியாது. அதன் பெயரின் நான்கு எழுத்துகளும் ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றின. இடையில் நின்றுவிட்டால், எத்தனை எழுத்து தோன்றிற்று என்பதைக் கொண்டு எங்கே பிழை நேர்ந்ததென அறிந்தனர். பயோஸின் பழைய வாசிப்பு முறை வட்டின் முதல் 1,024 உருளைகளுக்கு அப்பாற் செல்ல இயலாமையால், கருவை அவ்வெல்லைக்குள் வைக்கவேண்டிய இடர்ப்பாடும் நெடுநாள் நிலவியது.

அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு கருவுக்கும் ஒரு பந்தி எழுதப்பட்டது: கோப்பின் பாதை, பயனர் தட்டச்சிடும் பெயர், வேர் வட்டுப்பிரிவு என்பன அதில் அடங்கும். பிற முறைமைகளுக்கு வேறொரு வகைப் பந்தி. பயனர் எதனையும் தெரிவுசெய்யாவிடின் எது தொடங்கவேண்டும், எத்தனை நேரம் காத்திருக்கவேண்டும் என்பனவும் அங்கேயே குறிக்கப்பட்டன. பொறி யாருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்பதை அதன் உடைமையாளர் சில வரிகளில் எழுதிவைக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

கிரப்பின் தோற்றம் வேறொரு சூழலுக்குரியது. 1995 இல் எரிக் பொலெயின், யூட்டாப் பல்கலைக்கழகத்தின் மாக் 4 நுண்கருவின் மீது க்னூ ஹேர்ட் முறைமையைத் தொடக்க முயன்றார். அக்காலத்தில் முறைமைகள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஏற்றியொன்றைக் கொண்டிருந்தன. ஒன்றின் ஏற்றி மற்றொன்றின் கருவை அறியாது. பொலெயினும் பிரையன் ஃபோர்டும் இதற்குப் பரிகாரமாகப் 'பல்தொடக்கம்' என்னும் பொது வரன்முறையை வகுத்தனர். கருக்கோப்பின் முதல் 8,192 பைற்றுகளுக்குள் குறித்த அடையாள எண்ணுடன் கூடிய தலைப்பு இருப்பின், அவ்வரன்முறையைப் பின்பற்றும் எந்த ஏற்றியும் அக்கருவைத் தொடக்கலாம். ஏற்றிக்கும் கருவுக்கும் இடையிலான உறவு குடும்ப உறவாக இருந்த நிலை மாறி, பொது ஒப்பந்தமாயிற்று.

கிரப் படிப்படியாகத் தன்னை ஏற்றிக்கொள்வது. முதலாவது ஆரைச்சிறையில் உள்ள சிறு பகுதி அடுத்த பகுதியை அழைக்கும். அது கோப்பு முறைமையை வாசிக்கும் ஆற்றலுடையது. ஆகவே கருவை அதன் பெயரைக்கொண்டே அது தேடிக்கொள்ளும். வழியை மனனஞ் செய்தவன் ஊர் மாறினால் தவிப்பான். எழுத்தறிந்தவன் கைகாட்டிப் பலகையை வாசித்துச் செல்வான். லிலோவுக்கும் கிரப்புக்கும் உள்ள வேறுபாடு இத்தகையது. அமைப்புக் கோப்பிற் பிழையிருப்பினும், தொடக்கத்தின்போதே கட்டளை வரியிற் சரியான பெயரை இட்டு மீளலாம். 1999 இல் கோர்டன் மட்சிக்கைட், யொஷினொரி ஒக்குஜி ஆகியோரின் முயற்சியால் இது க்னூ திட்டத்தின் அதிகாரபூர்வ உறுப்பாயிற்று. 2002 அளவில் ஒக்குஜி தொடங்கிய மீளெழுத்து முயற்சி கிரப் 2 ஆக வளர்ந்து, அதன் 2.00 ஆம் பதிப்பு 2012 இல் வெளிவந்தது. லிலோவின் வளர்ச்சி 2015 உடன் நின்றது.

கருக்களிடையே தெரிவு இக்காலத்தில் நாளாந்த நடைமுறையாயிற்று. 2001 இல் வந்த லினக்ஸ் 2.4 ஐயும் 2003 இறுதியில் வந்த 2.6 ஐயும் ஒரே கணினியில் அருகருகே நிறுவி, ஒன்றில் இயங்காத கருவியை மற்றொன்றிற் சோதித்தல் இயல்வதாயிற்று. இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் பல, புதிய கருவை நிறுவும்போது பழையதையும் பட்டியில் விட்டுவைக்கின்றன. ஆறாம் பதிப்பு யுனிக்ஸ் காலத்து ஒழுக்கம் இங்கே பொறியின் வழக்கமாகவே மாறிவிட்டது.

4. ஒப்பந்தங்களும் வழக்கும்

தொழில்நுட்பம் அனுமதித்ததை வணிகம் அனுமதிக்கவில்லை என்பதற்கு 1990களின் பிற்பகுதி சான்றாகின்றது. பீ என்னும் சிறு நிறுவனம் பீ.ஓ.எஸ். என்ற முறைமையை ஆக்கி, விண்டோஸுடன் அதனையும் சேர்த்து விற்குமாறு கணினி உற்பத்தியாளரை நாடியது. ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனம் ஒரு வகைக் கணினியில் அதனை நிறுவி விற்றது. ஆனால் தொடக்கப் பட்டியில் அதற்கு இடம் வழங்கப்படவில்லை. வாங்கியவர் தாமே சில படிகளைச் செய்த பின்னரே அது விழித்தெழும். மைக்ரோசொப்டின் உரிம ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்பது பீ நிறுவனத்தின் முறைப்பாடாகும். 2002 பெப்ரவரியில் அது வழக்குத் தொடுத்தது. 2003 செப்டெம்பரில், தவறு எதனையும் ஒப்புக்கொள்ளாமலே, மைக்ரோசொப்ட் 232.5 இலட்சம் டொலரை வழங்கி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அப்போது பீ நிறுவனம் தன் சொத்துகளை விற்று ஓய்ந்துவிட்டிருந்தது. வட்டிலே ஒரு முறைமை இருந்தும் பட்டியிலே அதன் பெயர் இல்லையாயின் அது இல்லாததற்கு ஒப்பாகும் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்திற்று.

அமெரிக்க அரசு மைக்ரோசொப்டுக்கு எதிராகத் தொடுத்த பெருவழக்கின் மையப் பொருள் இணைய உலாவியே. எனினும் 2002 நவம்பரில் நீதிபதி கொலின் கொலர்-கொட்டெலி வழங்கிய இறுதித் தீர்ப்பில் ஏற்றி பற்றியும் ஒரு விதி இடம்பெற்றது. விண்டோஸ் தொடங்குமுன்னர், பயோஸிலிருந்தோ மைக்ரோசொப்டுக்கு உரியதல்லாத தொடக்க ஏற்றி ஒன்றின் மூலமோ வேறு முறைமையைத் தொடக்கும் தெரிவைப் பயனருக்கு வழங்குவதிலிருந்து உற்பத்தியாளரைத் தடுத்தலாகாது என்பது அவ்விதி. சில நூறு பைற்றுகளைக் கொண்ட செய்நிரலொன்று நீதிமன்றத் தீர்ப்பின் வாசகத்துட் புகுந்தமை அதன் முக்கியத்துவத்துக்குத் தக்க சான்றாகும்.

5. கையொப்பத்தின் காலம்

பழைய உடன்பாட்டின் எல்லைகள் நாளடைவிற் புலப்பட்டன. வட்டுப்பிரிவு அட்டவணை ஏறத்தாழ 2.2 இலட்சங் கோடி பைற்றுகளுக்கு அப்பாற் காணமாட்டாது. நான்கு பிரிவுகள் போதவில்லை. இன்டெல் நிறுவனம் இட்டானியம் செயலிக்கென வகுத்த புதிய தொடக்க முறையை, 2005 இல் அமைந்த பல நிறுவனங்களின் மன்றம் யூ.ஈ.எப்.ஐ. என்ற பெயரில் வளர்த்தது. இதில் ஏற்றி முதலாவது ஆரைச்சிறையில் ஒளிந்திருப்பதில்லை. தனி வட்டுப்பிரிவொன்றில் சாதாரண கோப்பாக அது இருக்கின்றது. ஒவ்வொரு முறைமைக்கும் தனி அடைவு உண்டு. தெரிவுப் பட்டியல் கணினியின் நிலைநினைவகத்திலே பேணப்படுகின்றது. ஒன்றன் ஏற்றியை மற்றொன்று அழித்தெழுதும் பழைய தொல்லை இதனாற் பெரிதுங் குறைந்தது.

இம்முறையின் 2011 ஆம் ஆண்டுப் பதிப்பில் 'பாதுகாப்பான தொடக்கம்' என்னும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. பொறியிற் பதிக்கப்பட்ட சாவியுடன் பொருந்தும் இலக்கமுறைக் கையொப்பம் இல்லாத ஏற்றியைப் பொறி இயக்காது. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 உடன் இது பரவலாயிற்று. மைக்கலாஞ்சலோவின் காலத்து அச்சத்தை நினைவுகூருவோர் இதன் நியாயத்தை மறுக்கமாட்டார். வினவாத வாயில் இப்போது வினவக் கற்றுக்கொண்டது. ஆனால் பெரும்பாலான கணினிகளிற் பதிக்கப்பட்டது மைக்ரோசொப்டின் சாவியாகும். பிற முறைமைகளும் அதன் கையொப்பத்தையே நாடவேண்டியதாயிற்று. லினக்ஸ் வழங்கல்கள் 'ஷிம்' என்னும் சிறு ஏற்றிக்கு அக்கையொப்பத்தைப் பெற்று, அதன் மூலம் கிரப்பையும் கருவையும் சரிபார்த்துத் தொடக்கும் வழியைக் கண்டன. உடைமையாளர் தம் சொந்தச் சாவியைப் பதிந்துகொள்ளவும் ஷிம் இடமளித்தது.

விண்டோஸ் 8 க்கான சான்றளிப்பு விதிகள், இன்டெல் வகைக் கணினிகளில் இவ்வேற்பாட்டை உடைமையாளர் நிறுத்திவைக்க இடமிருக்கவேண்டும் என்றன; ஆம் வகைச் செயலி கொண்டவற்றில் அதற்கு இடமிருத்தல் ஆகாது என்றன. 2015 இல் விண்டோஸ் 10 உடன், முன்னைய கட்டாயம் உற்பத்தியாளரின் விருப்பாயிற்று. உரிமை ஒன்று விதியிலிருந்து விருப்புக்கு இறங்கிய தருணம் இது.

கையொப்பமும் குற்றமற்ற காவலன் அல்ல. 2020 ஜூலையில், கிரப் 2 தன் அமைப்புக் கோப்பை வாசிக்கும் முறையிற் கடுங்குறையொன்று வெளிப்பட்டது. கையொப்பம் பெற்ற ஏற்றியே கையொப்பமற்ற நிரலுக்கு வழிவிடக்கூடும் என்பது அதன் பொருள். பழைய ஏற்றிகளை நிராகரிக்கும் பட்டியல்கள் தேவைப்பட்டன. 2024 ஓகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல், இத்தகைய நிராகரிப்பு விதியைப் புகுத்தியபோது, இரு முறைமைகளையும் கொண்ட கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. ஒரு முறைமையின் பழுதுநீக்கம் அயலிலுள்ள மற்றொன்றின் வாயிலை அடைத்துவிட்டது.

முடிவுரை

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, எட்சாக்கின் 31 அறிவுறுத்தல்கள் முதல் இன்றைய கையொப்பமிட்ட ஏற்றி வரை, முதலில் இயங்குவதே பின்னர் இயங்குவனவற்றை ஆளுகின்றது என்பது தெளிவாகும். ஆளிகளின் காலத்தில் அவ்வாட்சி இயக்குநரின் விரல்நுனியில் இருந்தது. 512 பைற்றுகளின் காலத்தில் வட்டில் எழுதத் தெரிந்த எவரிடமும் இருந்தது; அவருள் நச்சுநிரல் எழுதியவரும் அடங்குவர். கையொப்பத்தின் காலத்தில் அது சாவியை வைத்திருப்பவரிடம் இருக்கின்றது. பாதுகாப்புக்கும் தெரிவுரிமைக்கும் இடையில் இயல்பான பகையேதுமில்லை. வாயிலுக்குப் பூட்டு வேண்டுமா என்பது இன்று வினாவன்று. அப்பூட்டின் சாவி வீட்டுக்குரியவரிடமும் உண்டா என்பதே வினாவாகும். உடைமையாளர் தம் சாவியைத் தாமே பதிந்துகொள்ளும் வழி திறந்திருக்கும்வரை அவ்வினாவுக்கு விடையுண்டு.

கருவை மாற்றியமைத்தோர் கைக்கொண்ட ஒழுக்கமும் ஈண்டு மறக்கத்தக்கதன்று. புதிய கருவை ஆக்கத் துணிந்தோர் பழைய கருவின் பெயரையும் பட்டியில் விட்டுவைத்தனர். துணிவு அவர்க்கு வாய்த்தது மீளும் வழி இருந்தமையாலேயே. தெரிவுப் பட்டியின் இரண்டாவது வரி, நாள்தோறும் எவரும் தொடாத வரியாயினும், முதலாவது வரி பொய்க்கும் நாளில் பொறியை அதன் உடைமையாளரிடம் மீட்டுத் தருகின்றது.